திறக்காத வீடியோ: கணினியை மாற்றுவதா, கோப்பை மாற்றுவதா?

மலையகத்து வீடுகளுக்கு வீடியோக் கோப்புகள் வந்து சேரும் வழிகள் பல. கொழும்பிலோ வளைகுடாவிலோ வேலை செய்யும் பிள்ளை தொலைபேசியில் எடுத்து அனுப்புவது ஒன்று. அட்டன், தலவாக்கலை, பண்டாரவளை போன்ற நகரங்களின் ஸ்டூடியோக்கள் கல்யாணத்தையும் பூப்புனித நீராட்டு விழாவையும் பென் டிரைவில் பதிந்து கொடுப்பது இன்னொன்று. தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் வேறொரு பாடசாலை நண்பரிடமிருந்து வாங்கிவரும் சாதாரண தரப் பரீட்சைப் பாடங்கள் மற்றொன்று. அவை போய்ச் சேரும் கணினிகளில் பல, வேறு யாரோ பயன்படுத்தி விற்றவை. மைக்ரோசொஃப்ட் 2020 ஜனவரியில் ஆதரவை நிறுத்திய விண்டோஸ் 7 இன்னும் ஓடும் இயந்திரங்களும் அவற்றுள் உண்டு. இவ்விரண்டும் சந்திக்கும்போது திரை கறுத்துப் போவதும், படம் ஓடச் சத்தம் வராதிருப்பதும், சத்தம் கேட்கப் படம் உறைந்து நிற்பதும், இந்த வகைக் கோப்பை இயக்க முடியாது என்ற அறிவிப்பு தோன்றுவதும் வழக்கமாகிவிட்டன.

அந்த நேரத்தில் விபரம் தெரிந்தவர்கள் சொல்லும் யோசனைகளை ஐந்தாகப் பிரிக்கலாம். வேறொரு பிளேயரை நிறுவுவது, விண்டோஸுக்கு அந்த வகை வீடியோவைத் திறக்கும் திறனைச் சேர்க்கும் நீட்சியை மைக்ரோசொஃப்ட் ஸ்டோரிலிருந்து வாங்குவது, வீடியோவை விரிக்க உதவும் கோடெக்குகளின் தொகுப்பு ஒன்றை நிறுவுவது, கோப்பையே வேறு வடிவத்துக்கு மாற்றுவது, கோப்பு பழுதாகியிருக்கிறது என்று கருதிச் சீர்செய்யப் பார்ப்பது ஆகியனவே அவை. ஐந்தும் ஏதோ ஒரு சூழலில் சரியானவை. ஆனால் முதல் மூன்றும் கணினியை மாற்றுகின்றன, நான்காவது கோப்பை மாற்றுகிறது, ஐந்தாவது முந்திய நான்கும் உதவாத இடத்துக்கு உரியது. எனவே எது சிறந்தது என்று கேட்பதற்கு முன், இந்த வீடியோ ஒரே கணினியில் பார்க்கப்படப் போகிறதா, அல்லது கைமாறிப் பல இயந்திரங்களுக்குப் போகப் போகிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. கீழே நான் சொல்லும் தீர்ப்புகள் யாவும் இந்தக் கேள்வியையே பற்றி நிற்கின்றன.

தெரிவுக்குப் போகுமுன் நோய் எதுவென்று அறிய வேண்டும். அதற்குக் கோப்பின் பெயரை நம்பக்கூடாது. எம்.பி.4, எம்.கே.வி., ஏ.வி.ஐ., எம்.ஓ.வி. என்று பெயரின் இறுதியில் இருப்பவை கொள்கலன்களின் பெயர்கள் மட்டுமே. உள்ளே படம் ஒரு முறையிலும் ஒலி இன்னொரு முறையிலும் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். அந்தச் சுருக்கத்தை விரிக்கத் தெரிந்த மென்பொருளைத்தான் கோடெக் என்கிறோம். தோட்டத்தின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு தேயிலைப் பெட்டியின் உள்ளே இருப்பது பி.ஓ.பி. ரகத் தூளா டஸ்ட் ரகத் தூளா என்று யாராலும் சொல்ல முடியாது, எம்.பி.4 என்ற பெயரும் அப்படித்தான். 2003இல் வந்த எச்.264 முறையில் சுருக்கப்பட்ட படத்தை விண்டோஸ் 7 முதலாக எல்லாப் பதிப்புகளும் விரிக்கின்றன. 2013இல் வந்த எச்.265, அதாவது எச்.இ.வி.சி., ஏறக்குறைய அதே தரத்தைப் பாதி அளவில் தருகிறது; ஆனால் அதை விரிக்கக் கணினி கூடுதலாக உழைக்க வேண்டும், விண்டோஸிடம் அதற்கான கோடெக்கும் இருக்க வேண்டும். 2017இல் வந்த ஐ.ஓ.எஸ். 11 தொடக்கம், ஐபோன் 7உம் அதற்குப் பின் வந்தவையும் இம்முறையிலேயே பதிவு செய்கின்றன. அன்ட்ரொயிட் தொலைபேசிகள் பலவற்றிலும் அது ஒரு தெரிவாக உள்ளது. பழைய தொலைபேசியிலிருந்து வந்த வீடியோ திறக்க, புதிய தொலைபேசியிலிருந்து அதே மாதிரிப் பெயரோடு வந்த வீடியோ திறக்காமல் நிற்பதற்கு இதுவே காரணம்.

கோப்பின் அளவையும் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரக் கல்யாண வீடியோ ஒன்று இரண்டு கிலோபைட் என்று காட்டுமானால், அது வீடியோவே அல்ல. பாடசாலைக் கணினிக் கூடங்களிலும் கொமினிகேஷன் கடைகளிலும் பென் டிரைவிலிருந்து பென் டிரைவுக்குத் தாவும் ஒரு வகை வைரஸ், உண்மையான கோப்புகளை மறைத்துவிட்டு அவற்றின் பெயரில் குறுக்குவழிகளை வைத்துவிடுகிறது. அந்தக் குறுக்குவழியை அழுத்தினால் வைரஸ்தான் ஓடும். அழுத்தாமல், வைரஸ் எதிர்ப்பு மென்பொருளால் துப்புரவு செய்து, மறைந்த கோப்புகளைக் காட்டும்படி விண்டோஸை அமைத்தால், வீடியோ பெரும்பாலும் அங்கேயே இருக்கும். அளவு சரியாக இருந்தும் திறக்கவில்லையென்றால், எடுத்த தொலைபேசியில் அது ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அங்கு ஓடினால், பிரதி எடுக்கும்போது குறைந்துவிட்டதா என்பதையும் பார்த்துவிட்டு, பழுது கணினியின் பக்கம்தான் என்று முடிவு செய்யலாம்.

தெரிவுகளில் முதலில் வைக்க வேண்டியது வி.எல்.சி. பிளேயர். பாரிஸில் ஒரு பொறியியற் கல்லூரி மாணவர்களின் வேலைத்திட்டமாக 1996இல் தொடங்கி, 2001இல் கட்டற்ற உரிமத்தின் கீழ் வெளிவந்த இம்மென்பொருளை இன்று வீடியோலான் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு பேணி வருகிறது. இதன் பலம் ஒரே காரணத்தில் அடங்கும்: தனக்கு வேண்டிய கோடெக்குகளைத் தன்னுள்ளேயே வைத்திருப்பதால், விண்டோஸிடம் எது இருக்கிறது, எது இல்லை என்பதை அது பொருட்படுத்துவதில்லை. நிறுவற் கோப்பு சுமார் 40 மெகாபைட் அளவே; ஒருவர் தரவிறக்கிப் பென் டிரைவில் வைத்திருந்தால் லயம் என்னும் தோட்டத்து வரிசை வீடுகள் முழுவதற்கும் போதும். மூன்றாம் பதிப்பு வரிசை விண்டோஸ் எக்ஸ்.பி.யின் இறுதிச் சேவைப் பொதியிலும் (சர்விஸ் பேக் 3) ஓடுவதால், பழைய இயந்திரம் என்பது இங்கே தடையாவதில்லை. கண்ட்ரோலையும் ஜேயையும் சேர்த்து அழுத்தினால், ஓடும் கோப்பின் படமும் ஒலியும் எந்த முறையில் சுருக்கப்பட்டவை என்பதையும் அது காட்டிவிடும். வேறு எந்த வழியைப் பின்னர் தெரிவு செய்தாலும் இந்தத் தகவல் வேண்டியிருக்கும் என்பதால், வி.எல்.சி. ஒரே நேரத்தில் பரிசோதனையும் வைத்தியமும் ஆகிறது.

அதே காரணத்தில்தான் அதன் எல்லையும் இருக்கிறது. தன் கோடெக்குகளை அது பிற மென்பொருள்களுக்கு இரவல் கொடுப்பதில்லை. வி.எல்.சி.யில் அழகாக ஓடும், ஆனால் விண்டோஸிடம் கோடெக் இல்லாத ஒரு விஞ்ஞானப் பாட வீடியோவைப் பவர்பொயின்ட் பக்கத்தில் செருகினால், அங்கே அது ஓடாது. கோப்புறையில் வீடியோவின் உள்ளடக்கத்தைக் காட்டும் சிறுபடமும் தோன்றாது. ஆசிரியர்கள் பலர் தடுமாறும் இடம் இது. மேலும், விரிக்கத் தெரிவது வேறு, வேகமாக விரிக்க முடிவது வேறு. இன்டெல் செயலிகளில் எச்.265ஐ வன்பொருளிலேயே விரிக்கும் வசதி 2015இல் வந்த ஆறாம் தலைமுறையில்தான் முழுமை பெற்றது. நிற ஆழம் கூடிய 10 பிட் வகைக்கு ஏழாம் தலைமுறை வேண்டும். அதற்கு முந்திய இரட்டை மையச் செயலியில் 4கே அளவு எச்.265 வீடியோவை ஓட்டினால் படம் தத்தித் தத்தியே நகரும். வி.எல்.சி.யைத் திரும்பத் திரும்ப நிறுவுவதால் அது தீராது. மாறாக, படம் பச்சையாகவோ கட்டங்கட்டமாகவோ தெரிந்தால், அதன் அமைப்புகளில் வன்பொருள் வழி விரித்தலை நிறுத்திப் பார்ப்பது பயன் தரக்கூடும்.

மைக்ரோசொஃப்ட் ஸ்டோரின் எச்.இ.வி.சி. நீட்சியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றுக்கு மட்டும் உரியது. விலை ஒரு டொலருக்கு ஒரு சதம் குறைவு. நிறுவினால் விண்டோஸின் சொந்தப் பிளேயரும், புகைப்பட மென்பொருளும், சிறுபடங்களும் ஒருங்கே வழிக்கு வரும் என்பதால், புதிய மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு இதுவே மிகச் சுத்தமான தீர்வு. சில நிறுவனங்களின் கணினிகளில் இது ஏற்கெனவே நிறுவப்பட்டே வருகிறது. ஆனால் தொகை சிறிதென்றாலும் டொலரில் இணையவழியாகச் செலுத்தக்கூடிய வங்கி அட்டை வேண்டும். தோட்டத்தில் வேலை செய்து சம்பளம் வாங்கும் ஒரு குடும்பத்துக்கு விலையைவிட அந்த அட்டையே பெரிய தடை. இலவசமாகக் கிடைக்கும் வி.எல்.சி. அதே வீடியோவை ஓட்டும்போது, வீட்டில் பார்ப்பதற்காக மட்டும் இதைத் தேடிப் போவதில் நியாயம் காணவில்லை.

கோடெக் தொகுப்புகளைப் பொறுத்தவரை என் நிலைப்பாடு சற்றுக் கடுமையானது. கே-லைட் போன்ற நம்பகமான தொகுப்புகள் உள்ளன. அவை கணினி முழுவதற்கும் பொதுவாகக் கோடெக்குகளை நிறுவுவதால், பழைய விண்டோஸ் மீடியா பிளேயர் போன்றவையும் பயன்பெறும். கே-லைட்டோடு வரும் எம்.பி.சி.-எச்.சி. பிளேயர் மிக இலகுவானது. நினைவகம் குறைந்த இயந்திரங்களில் வி.எல்.சி.யைவிட மென்மையாக ஓடுவதும் உண்டு. எனினும், பொதுவாக நிறுவப்படும் எதுவும் பொதுவாகவே குழப்பத்தையும் தரக்கூடியது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மூன்று தொகுப்புகளை நிறுவிய கணினியில் எந்தக் கோடெக் எதை மறிக்கிறது என்று கண்டுபிடிப்பது, முதலில் இருந்த பிரச்சினையைவிடப் பெரிய வேலையாகிவிடும். இன்னோர் ஆபத்து, கோடெக் என்ற பெயரே வஞ்சகர்களுக்கு வசதியான தூண்டிலாக இருந்து வருவது. இந்த வீடியோவைப் பார்க்க இந்தக் கோடெக்கை நிறுவுங்கள் என்று காட்டிக் கணினிக்குள் நுழைந்த ஸ்லொப் என்னும் தீம்பொருள் 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரவியது. அந்த உத்தி இன்றும் கைவிடப்படவில்லை. ஆகவே குறிப்பிட்ட ஒரு பழைய மென்பொருளுக்குக் கட்டாயம் தேவை என்று தெரிந்தாலன்றி, தொகுப்பைத் தொடாமலிருப்பதே மேல். அப்படித் தொட்டாலும் ஒன்றே ஒன்று, அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும்.

இனிக் கோப்பை மாற்றும் வழி. வீடியோ பல கைகளுக்குப் போக வேண்டியதாக இருந்தால், ஒவ்வொரு கணினியையும் திருத்தப் போவதைவிடக் கோப்பை ஒரு முறை திருத்திவிடுவது புத்திசாலித்தனம். எச்.264 படமும் ஏ.ஏ.சி. முறையில் சுருக்கிய ஒலியும் கொண்ட எம்.பி.4 கோப்பு விண்டோஸ் 7இன் பிளேயரிலும், பவர்பொயின்ட் 2013க்குப் பின் வந்தவற்றிலும், யு.எஸ்.பி. துளை உள்ள பெரும்பாலான டிவிகளிலும், ஏறக்குறைய எல்லாத் தொலைபேசிகளிலும் ஓடும். இவ்வளவு பொதுவான வேறொரு வடிவம் இன்று இல்லை. பதுளையில் பதிவான ஒரு பாடம் லுணுகலையிலும் மஸ்கெலியாவிலும் எந்த விளக்கமும் இல்லாமல் திறக்க வேண்டுமென்றால், அதைப் பதிந்தவர் இந்த வடிவத்தில் கொடுத்துவிடுவதே முறை.

ஆனால் மாற்றுதல் என்ற ஒரே சொல்லுக்குள் மிகவும் வேறுபட்ட இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. இதை அறியாததால்தான் பலர் இரவு முழுவதும் கணினியை ஓடவிட்டுக் காத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் படமும் ஒலியும் ஏற்கெனவே எச்.264, ஏ.ஏ.சி. ஆக இருந்து, கொள்கலன் மட்டும் எம்.கே.வி.யாக இருப்பதால் டிவியோ பவர்பொயின்டோ மறுக்கிறது என்றால், உள்ளடக்கத்தைத் தொடாமல் பெட்டியை மட்டும் மாற்றினால் போதும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியில் படத்தையும் ஒலியையும் அப்படியே பிரதி செய்யும்படி கட்டளை கொடுத்தால், கோப்பைப் பிரதியெடுக்கும் நேரத்துக்குள்ளேயே வேலை முடியும். தரம் ஒரு துளியும் குறையாது, செயலிக்கும் சுமை இல்லை. கட்டளை எழுதத் தயங்குபவர்கள், பாடங்களைப் பதிவு செய்யப் பயன்படும் ஓ.பி.எஸ். மென்பொருளின் ஃபைல் பட்டியலிலுள்ள ரீமக்ஸ் வசதியைக்கொண்டும் இதையே செய்யலாம்.

படமே எச்.265 ஆக இருந்தால், அதை விரித்து மறுபடி எச்.264 ஆகச் சுருக்க வேண்டும். இதற்கு ஹான்ட்பிரேக் என்ற மாற்றும் மென்பொருள் பொருத்தமானது. ஆயத்த அமைப்புகளில் 720 புள்ளி அளவைத் தெரிவு செய்தால், வகுப்பறைத் திரைக்கும் பழைய மடிக்கணினிக்கும் அது போதுமானதாக இருக்கும். அளவைக் குறைப்பது இங்கே நட்டமல்ல. முன்னர் சொன்ன தத்தித் தத்தி ஓடும் நோய்க்கும் அதுவே மருந்து. செலவு நேரத்தில்தான். பழைய இரட்டை மையக் கணினியில் மாற்றும் நேரம் வீடியோவின் நீளத்தையே தாண்டலாம். ஹான்ட்பிரேக்கின் புதிய பதிப்புகள் விண்டோஸ் 10க்குக் கீழே நிறுவப்படுவதுமில்லை. எனவே பாடசாலையில் இருப்பவற்றில் வலிமையான ஒரு கணினியில், அல்லது வீடியோவை எடுத்தவரிடமே, இந்த வேலை நடக்க வேண்டும். பெறுபவரின் தலையில் கட்டக்கூடாது. ஒவ்வொரு மாற்றத்திலும் தரம் சிறிது குறையும் என்பதால் மூலக் கோப்பை அழித்துவிடவும் கூடாது. ஸ்டூடியோவிலிருந்து வந்த கல்யாண வீடியோவை டிவிக்காக மாற்றிவிட்டு மூலத்தைத் தொலைத்தவர்களுக்குச் சிறிய பிரதியே மிஞ்சும்.

இணையத்தில் இயங்கும் மாற்றித் தரும் தளங்களை இந்த இடத்தில் பலர் நாடுகிறார்கள். அறுபது மெகாபைட் கோப்புக்கு அது சரி. ஒரு ஜிகாபைட் கோப்பை முதலில் ஏற்றி, பின்னர் இறக்கும்போது டேட்டா இருமுறை கரைகிறது. பள்ளத்தாக்கில் உள்ள டிவிஷன்களில் சமிக்ஞை விட்டுவிட்டு வருவதால் இடையில் அறுந்து மறுபடி தொடங்கவும் நேரிடும். வீட்டுப் பெண்பிள்ளையின் சடங்கு வீடியோவை யாருடையதென்று தெரியாத ஒரு சேவையகத்தில் ஏற்றுவது பற்றிக் குடும்பத்தார்தான் யோசிக்க வேண்டும். இதைவிட விசித்திரமான, ஆனால் பயன்படும் ஒரு வழி வட்ஸ்அப். சாதாரணமாக வீடியோவாக அனுப்பினால் அது கோப்பை எச்.264 ஆகச் சுருக்கியே அனுப்புகிறது. போய்ச் சேர்வது எங்கும் திறக்கும். ஆவணமாக அனுப்பினால் எதையும் தொடாது; 2022 முதல் 2 ஜிகாபைட் வரை அனுப்பலாம். உடனே பார்க்கத்தான் வேண்டும் என்றால் முதலாவதும், காலத்துக்கும் வைத்திருக்க வேண்டும் என்றால் இரண்டாவதும் பொருந்தும்.

எல்லாவற்றிலும் மலிவான வழி எடுக்கும் இடத்திலேயே இருக்கிறது. ஐபோனில் கேமரா அமைப்புகளின் ஃபார்மட்ஸ் பகுதியில் மிகவும் ஒத்துப்போகும் வகையைத் தெரிவு செய்தாலும், அன்ட்ரொயிட் கேமராவில் உயர் செயற்றிறன் பதிவை நிறுத்தினாலும், அதன்பின் எடுப்பவை எச்.264 ஆகவே வரும். கோப்பு பெரிதாகும் என்பது மட்டுமே விலை. ஒவ்வொரு மாதமும் ஊருக்கு வீடியோ அனுப்பும் ஒருவர் உறவில் இருந்தால், வீட்டிலுள்ள கணினியில் எதையும் நிறுவுவதற்கு முன் அவரிடம் இதைச் சொல்வது நல்லது.

பழைய டிவிடிகள் தனி வகை. விண்டோஸ் 8 முதல் டிவிடி இயக்கும் வசதி விண்டோஸோடு வருவதில்லை, வி.எல்.சி. ஓட்டும். ஈரமும் மூடுபனியும் நிறைந்த நுவரெலியா, ஆகரப்பத்தனைப் பக்கங்களில் தட்டில் பூஞ்சை படர்ந்து படிக்க முடியாமற்போவதும் உண்டு என்பதால், வாசிக்க முடிகிறபோதே ஹான்ட்பிரேக் மூலம் எம்.பி.4 ஆக மாற்றிவிடுவதில் தாமதிக்கக்கூடாது.

ஐந்தாவது வழியான சீர்செய்தல் வேறெந்தப் பிளேயரும் உதவாதபோது மட்டுமே வருகிறது. எம்.பி.4 கோப்பில் படமும் ஒலியும் எங்கெங்கே உள்ளன என்று காட்டும் அட்டவணை, பதிவு முடியும்போதுதான் எழுதப்படுகிறது. இடையில் மின்சாரம் போனாலோ கேமராவின் மின்கலம் தீர்ந்தாலோ, கோப்பு பல ஜிகாபைட் இருந்தும் எந்தப் பிளேயராலும் திறக்க முடியாது, வி.எல்.சி.யும் தோற்கும். ஏ.வி.ஐ. கோப்பின் அட்டவணை மட்டும் சிதைந்திருந்தால் வி.எல்.சி. தானே சரிசெய்து ஓட்டிவிடும், எம்.பி.4க்கு அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவி உண்டு. அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை முன்மாதிரியாகக் கொடுத்தால், பழுதான கோப்பின் அட்டவணையை அது மறுபடி கட்டியெழுப்பப் பார்க்கும். திருவிழாவன்று எடுத்த காமன் கூத்துப் பதிவு போனால் மறுபடி எடுக்க ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டியிருப்பதால், இந்த முயற்சி கைவிடத்தக்கதல்ல. கேமராவின் நினைவக அட்டையிலிருந்தே அழிந்துவிட்டதென்றால், அந்த அட்டையில் வேறெதையும் எழுதாமல் ஃபோட்டோரெக் போன்ற மீட்புக் கருவியை ஓட்ட வேண்டும். பாடம் பதிவு செய்யும் ஆசிரியர்கள் ஓ.பி.எஸ்.இல் எம்.கே.வி. வடிவத்தில் பதிந்து பின்னர் எம்.பி.4க்கு மாற்றிக்கொண்டால், மின்சாரம் போனாலும் அதுவரை பதிந்தது பிழைக்கும்.

பழுதைச் சீர்செய்து தருவதாகக் கூறிப் பணம் கேட்கும் மென்பொருள்களில், மீண்ட வீடியோவின் ஒரு பகுதியை முதலில் காட்டுபவற்றை மட்டும் பரிசீலிக்கலாம். காட்டப்படும் பகுதியில் படமும் ஒலியும் சேர்ந்து ஓடுகின்றனவா என்று பார்த்துவிட்டே பணத்தைச் செலுத்த வேண்டும். பிரதி எடுக்கும்போது பாதியில் நின்றுபோன கோப்பில், இல்லாத மீதியை எந்த மென்பொருளாலும் உருவாக்கித் தர முடியாது. அந்நிலையில் கோப்பைக் கொடுத்தவரிடமே போய், அளவை ஒப்பிட்டுப் பார்த்து, மறுபடியும் ஒரு பிரதி வாங்கிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.